கோசாபாவில் தண்ணீர் வடியக் காத்திருந்த ஞாயிறு

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் எதிர் ஃபிளாட் காக்கிமாவின் (வங்காளத்தில் சித்தி) செருப்பு அலமாரியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு ஒன்றரை வருடமாக அப்படியே இருக்கிறது. அது அங்கே சமையல் வேலை பார்த்த சந்தியா மாசியுடையது. புயலில் கரை உடைந்து வயலில் உப்புத் தண்ணீர் ஏறியதால் சுந்தரவனத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மூன்று வருடம் இருந்தார். ஊரில் கரைக்கு வெளியே அலையாத்திச் செடி நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டார். "செடி ரெண்டு மழைக்காலம் தாங்கினா நான் வரமாட்டேன். தாங்கலைன்னா இந்தச் செருப்பு இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் பிப்ரவரியில், என் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய கடைசி ஓய்வு ஞாயிறன்று, அப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். "சந்தியா எப்போ திரும்பி வர்றாள்னு கேட்டுட்டு வா" என்று காக்கிமா சொல்லி அனுப்பினார்.

வழி சுலபம். டாகுரியா ஸ்டேஷனில் காலை 7.40க்கு கேனிங் லோக்கல் ரயில், டிக்கெட் பத்து ரூபாய். 8.50க்குக் கேனிங். அங்கே கச்சோரி சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் கத்காலி படித்துறைக்கு, ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். படகில் ஆற்றைக் கடந்தால் கோசாபா. அங்கிருந்து மாசியின் ஊருக்கு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஆட்டோவில் பின்சீட்டில் நாலு பேர் என்பதை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்குக் கரை மேல் ஏறினோம். கீழே சேறும் செடிகளும் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு இலைகூடத் தெரியவில்லை. எல்லாம் போய்விட்டதா?

கரையோடு நடந்து வந்த மாசி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்த நேரத்தைப் பாத்துட்டு வந்தே, மாமோனி?"

வேலியேற்ற இறக்க அட்டவணையை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கொல்கத்தா, பதினொரு மணி, தண்ணீர் மிகக் குறைவு. காட்டினேன்.

"கொல்கத்தா தண்ணிய நம்பி இங்க வந்தியா? கடல் முதல்ல எங்க வீட்டுக்கு வரும். உங்க ஊருக்கு வர இன்னும் நாலு மணி நேரம் ஆகும்."

"சபாஷ், டைம்டேபிள் ராணி! மேப்ல கடல் எந்தப் பக்கம்னு பாக்கலையா?" என்றார் அப்பா. நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

"செடி இருக்கா மாசி?" என்று கேட்டேன்.

"தண்ணி இறங்கட்டும். நீயே பாரு."

தண்ணீர் ஒரு மணி வரை ஏறியது. மாசி வீட்டில் சோறும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அவர் வயலில் விளைந்த அரிசி என்று இரண்டாவது தடவை போடும்போதுதான் சொன்னார். கல்யாணமாகி வந்தபோது பார்த்ததைவிட இப்போது பௌர்ணமித் தண்ணீர் கரையில் ஒரு முழம் மேலே நிற்கிறதாம். அவர் ஊர் திரும்புவதற்கு முன்பே முதல் தடவை நட்ட செடிகள் மொத்தமும் செத்துப்போனதையும் சொன்னார். ஆழமான சேற்றில் நட்டதுதான் தப்பு. பிறகு மூங்கில் வேலி கட்டி, உப்பில் வளரும் தானி புல்லை முதலில் வைத்து, வண்டல் படிந்து தரை உயர்ந்த பிறகே செடி வைத்தார்களாம்.

கரைக்குத் திரும்பியபோது சுற்றுலா லாஞ்ச் படகு ஒன்று வேகமாகப் போனது. அதன் அலை எங்களுக்கு இடது பக்கம் வெறும் கரையில் மோதி, ஒரு மண்கட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. வலது பக்கம் மாசியின் வயலுக்கு நேராக வந்த அதே அலை பாதி வழியிலேயே தளர்ந்து, கரையை நக்கிவிட்டுத் திரும்பியது.

"அப்பா, தண்ணிக்கு அடியில ஏதோ இருக்கு!" என்று கத்தினேன்.

மாசியின் கண் கரையை விட்டு நகரவில்லை.

3.50க்கு முதல் நுனி தெரிந்தது. சேறு பூசிய நாலு இலை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு என்னால் எண்ண முடியவில்லை. நடுவில் சில இடங்கள் காலிதான். அங்கே வரும் மழைக்கு மறுபடி நடுவார்களாம். மற்றபடி வயல் நீளத்துக்கும் என் இடுப்பு உயரச் செடிகள். வேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களைப் போலக் குத்திட்டு நின்றன, இடையில் குட்டி நண்டுகள்.

"நீங்க எப்போ வருவீங்கன்னு காக்கிமா கேக்கச் சொன்னாங்க," என்றேன்.

"பௌதிகிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லு," என்றார் மாசி. காக்கிமாவை அவர் பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "அரிசி வேணும்னா குடுத்து அனுப்பறேன்."

போக நினைப்பவர்களுக்கு: கோசாபாவுக்கான வேலியேற்ற நேரத்தை உள்ளூர்ப் படகுக்காரரிடமே கேளுங்கள். தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும், இரண்டையும் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். கரையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள், வேர்கள் உடையும். லாஞ்ச் பிடித்தால் கரையோரம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்; பெரிய உதவி அதுதான். நாங்கள் கேனிங்கில் 7.10 வண்டி பிடித்து ஒன்பது மணிக்குள் வீடு வந்தோம்.

காக்கிமா நான் எடுத்த புகைப்படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்ளோ குட்டிச் செடியா? இதுக்கா போனா?" என்றார். பிறகு அரிசிப் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து அந்த நீலச் செருப்பை எடுத்தார். தூசியைத் தட்டி, செய்தித்தாளில் சுற்றி, என்னிடம் தந்தார்.

"அடுத்த தடவை போகும்போது குடுத்துடு. சேத்துல நடக்கறவளுக்கு வேணுமில்ல?"