மூன்று தாள்களில் எங்கள் பேச்சு

மூன்று தாள்கள். இடது மூலையில் ஒரு ஸ்டேப்ளர் முள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகத்தான் படித்தேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அக்காவின் செல் நம்பரோ என் நம்பரோ இருந்தது. பக்கத்தில் நாங்கள் போனில் பேசியது, நான் இழுத்த 'ம்ம்' உட்பட, டைப் அடித்திருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பேக்கிங் லைனுக்கு மூத்தவள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். தகரக் கூரையின் வெக்கை தாங்காமல், மின்விசிறி கேட்டு நாங்கள் ஒரு காலை ஷிஃப்ட் முழுக்க வாசலில் உட்கார்ந்தபோதும் அவள்தான் முன்னால். அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரும் ஒரு வார்த்தை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "எழுதினாதான்டி மாட்டுவோம். போன்ல பேசறது காத்தோட போய்டும்." எட்டாவதும் பத்தாவதும் படித்த எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. அதனால் எல்லாவற்றையும் பேசினோம். விசிறியைப் பற்றிக் கொஞ்சம், மற்றதெல்லாம் வீட்டுக் கதை.

மார்பில் கட்டி இருப்பதை அப்படித்தான் எனக்குச் சொன்னாள். மகளுக்கு மீஞ்சூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் முடியட்டும், அதுவரை வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்றாள்.

பிறகு, வாசலில் உட்கார்ந்ததற்காக எங்கள் இருவரையும் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் தனியாகப் போவதில்லை. பேசத் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். அக்காவின் வீட்டுக்காரர், மகளின் மாமனார் ஆகப் போகிறவரையே கூட்டி வந்திருந்தார். மீஞ்சூரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர்.

உங்களைத் தூண்டிவிட்டது யார் என்று அதிகாரி கேட்டார். யாருமில்லை என்றாள் அக்கா. அவர் கோபப்படவில்லை. "எங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லம்மா" என்று இரண்டாம் தாளைத் திருப்பி, ரேஷன் கடையில் பேர் வாசிப்பதைப் போல வாசித்தார். கட்டி, ஸ்கேன் எடுத்த இடம், கடைசியில் "கண்ணாலம் முடியறவரைக்கும் யாராண்டயும் சொல்லிடாதடி" வரைக்கும்.

சம்பந்தி எழுந்து போனார். வெளியே அவருடைய பைக் கிளம்பியது. அக்கா அவரையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

தெருவுக்கு வந்ததும், "நீ சொன்னியா?" என்றாள்.

இல்லக்கா என்றேன்.

"பின்ன எப்படிடி? நாம ரெண்டு பேருதான பேசிக்கினு இருந்தோம்."

எங்கள் போனை எத்தனை நாள் ஒட்டுக் கேட்டார்கள், எந்த அறையில் உட்கார்ந்து கேட்டார்கள், அவள் அழுததை என்னவென்று டைப் அடித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கல்யாணம் நின்றது. திருவள்ளூரில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. விஷயம் வெளியே வந்ததால்தானே பிழைத்தாள் என்று லைனில் சிலர் சொன்னார்கள். நானும் ஒருமுறை அவளிடமே அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"பொழச்சேன், சரி," என்றாள். "ஆனா என் பொண்ணாண்ட அத நான்தான சொல்லியிருக்கணும்?"

நான் வேறு ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்கிறாள். உடம்பு எப்படியிருக்கிறது என்று நான் கேட்டால் மட்டும், ரயிலேறி வா, சொல்கிறேன் என்று வைத்துவிடுகிறாள்.