அம்மா கூட்டிக்கொண்டு போன மொரோக்கோ கடை

நான் தாதியர் படிப்புக்காகப் பேர்கனுக்குப் போன பிறகுதான் அம்மா நோர்வேஜிய மொழி வகுப்பில் சேர்ந்தார். ஒஸ்லோவில் எத்தனையோ வருடங்கள் இருந்தும் அதுவரை அவருக்கு அந்த மொழி தேவைப்படவில்லை. நான் இருந்தேன். பெற்றோர் கூட்டமோ பல் வைத்தியரோ, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. வகுப்புக்குப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, பொழுதுபோக்குக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

நத்தார் விடுமுறைக்கு, ஒஸ்லோவில் எங்கள் வீடு இருக்கும் ரொம்மனுக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை காலை அம்மா அடுப்புப் பக்கம் போகாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இண்டைக்கு நான் சமைக்கேல்லை. வெளியில போய்ச் சாப்பிடுவம்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா கடையில் சாப்பிடுகிறவர் அல்ல. அவர் சைவம். எந்த எண்ணெயில் பொரித்தது, எந்தக் கரண்டியால் கிளறியது என்று தெரியாமல் வாயில் வைக்கமாட்டார். கலியாண வீட்டுக்குக்கூட வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்.

"எங்கை போறது?" என்றார் அப்பா.

"என்னோட படிக்கிற மனுசியின்ர கடைக்கு. மொரோக்கோக்காரர். வாங்கோவன்."

ரயிலில் போகும்போது அந்தப் பெண்ணோடு பழக்கமான கதையைச் சொன்னார். வகுப்பில் ஒருநாள், அவரவர் ஊர்ச் சாப்பாடு ஒன்றை எப்படிச் செய்வதென்று சொல்லச் சொன்னார்களாம்.

"நான் புட்டைச் சொன்னன். மாவைக் குழைச்சு உதிர்த்து, கீழ தண்ணி கொதிக்க மேல வைச்சு அவிக்கிறது எண்டு. எனக்கு அடுத்தது அவ. அவவும் அதையேதான் சொன்னா! என்னைப் பார்த்துச் சொல்லுறா எண்டு ரீச்சர் நினைச்சிட்டா. இல்லை, இது எங்கட குஸ்குஸ் எண்டு அவ கையைக் காலை ஆட்டிச் சொல்லுறா. எனக்கெண்டா சிரிப்புத் தாங்கேல்லை."

"அவவோட எந்தப் பாசையில கதைக்கிறனீங்கள், அம்மா?"

"நொஸ்க்கிலதான், வகுப்பில படிக்கிற பாசையில. அவவுக்குத் தமிழ் தெரியுமோ, எனக்கு அரபு தெரியுமோ?"

குரோன்லான்டில் இறங்கி, பனி சப்பளிந்து கிடந்த ஒரு ஒழுங்கைக்குள் எங்களை நடத்திக்கொண்டு போனார். கடை சின்னது. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஏழெட்டு மேசைகள். பெரிய கோப்பைகளில் சாப்பாடு போனது. விலையோ எங்களைப் போன்ற குடும்பம் யோசிக்காமல் போய் உட்காரக்கூடிய விலை. சமையல் அம்மாவின் சிநேகிதி, பரிமாறியது அவருடைய கணவர், காசு மேசையில் மூத்த மகள். அம்மாவைக் கண்டதும் கணவர் நெஞ்சில் கைவைத்துத் தலைசாய்த்து வணங்கிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்த அந்தப் பெண் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அம்மா கூச்சப்படவில்லை, திருப்பிக் கொஞ்சினார்!

"உங்களுக்குச் சட்டி தனி," என்றார் அவர் நோர்வேஜிய மொழியில். "இறைச்சி இல்லை, இறைச்சிச் சூப்பும் இல்லை. கரண்டியும் தனி."

"தெரியும். அதுதான் வந்தேன்," என்றார் அம்மா, அதே மொழியில்.

அம்மாவுக்குப் பூசணி, கரட், கோவா என்று மரக்கறியும் கடலையும் போட்ட குஸ்குஸ் வந்தது. எனக்கும் அப்பாவுக்கும் கோழி. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேசிக்காய் ஊறுகாயைக் கறிக்குள்ள போட்டிருக்கினம். நல்லாத்தான் கிடக்கு."

நாங்கள் பாதி சாப்பிட்டிருப்போம். பக்கத்து மேசையில் வயதான நோர்வேக்காரத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். மனைவி அம்மாவின் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன சாப்பாடு, தன் கணவர் இறைச்சி சாப்பிடமாட்டார், அவருக்குச் சரிவருமா என்று கேட்டார். பார்த்தது என்னை. இந்த மேசையில் நோர்வேஜிய மொழி தெரிந்தவள் நான்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். அப்பா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார்.

"பொறு பிள்ளை. அம்மா சொல்லுவா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இது அரிசி இல்லை. கோதுமை. கீழே சூப் கொதிக்கும், மேலே இது இருக்கும். ஆவி வரும், வேகும். பிறகு கையால் உதிர்க்கிறது. பிறகு திரும்பவும் ஆவி. எனக்குத் தனிச் சட்டி. கேட்டால் உங்களுக்கும் செய்வார்கள்."

வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஒரு சொல் மறந்துபோய், விரல்களை மேலே அசைத்து ஆவியைக் காட்டினார். ஆனால் சொல்லவேண்டிய எதையும் விடவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மேற்கொண்டு கேட்டார், அம்மா மேற்கொண்டு சொன்னார். அவர்கள் அம்மாவின் கோப்பையைக் காட்டி அதையே கொண்டுவரச் சொன்னார்கள்.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லை. நான் சமைக்கிறவரின் சிநேகிதி. நாங்கள் ஒன்றாகப் படிக்கிறோம்."

'படிக்கிறோம்' என்று சொன்னபோது அம்மாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எத்தனை அறைகளில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இப்படிக் கதைக்க ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கோழியைத் தின்றுகொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகையில் ரயில் மேடையில் அப்பா கேட்டார்: "நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு எனக்குச் சொல்லேல்லையே?"

"வீட்டில ஆரோட நான் நொஸ்க் கதைக்கிறது? உங்களோடயோ?" என்றார் அம்மா. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த கோடைக்கு முன்னர் இருவரும் ஒரே நாளில் வாய்மொழிப் பரீட்சைக்குப் போனார்கள். முடிவு வந்தவுடன் அம்மா பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னால் யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது.

"அவவும் பாஸ், நானும் பாஸ். இந்தா, அவ உன்னோட கதைக்க வேணுமாம்."

தொலைபேசி கை மாறியது. "உன் அம்மா பரீட்சை வைத்தவரையே திருப்பிக் கேள்வி கேட்டார்," என்றார் சிநேகிதி, மூச்சு வாங்க. அன்று மாலைக்குள் என் தாதியர் வகுப்பில் நான் இதைச் சொல்லாத ஆள் யாரும் மிச்சமில்லை.