பொறி காலியாக இருக்கிறது

எங்கள் பருத்திக் காட்டுக்கு அப்பா சொல்லிவைத்திருந்த பூச்சிமருந்தை வேண்டாம் என்று சொல்ல இன்று பல்லடம் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்தார். “பக்கத்துக் காட்டுல அடிச்சுப்போட்டாங்க. நீங்களும் அடிச்சுருங்க தம்பி.”

“வேண்டாமுங்க. காலையில இனக்கவர்ச்சிப் பொறியப் பாத்தனுங்க. காய்ப்புழு அந்துப்பூச்சி ஒண்ணுகூட உழுகலீங்க.”

“ஏனுங்க, பூச்சி உங்ககிட்டச் சொல்லிப்போட்டா வரும்?”

“ஆமாங்க. வந்தா மொதல்ல பொறியில வெச்ச வாசத்துக்குத்தான் வந்து உழுகும். அதுக்குத்தான் பொறி.”

கடையே சிரித்தது.

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். காய் சொத்தையானால் அப்பா இனிக் காட்டை என்னிடம் விடமாட்டார். தெரியும்.

பொறியில் பூச்சி விழட்டும், நானே போய் வாங்குகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் அடித்தார் என்பதற்காக அடிக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் மாத்திரை விழுங்குவீர்களா?