பித்தளை வில்லை

அடி அண்ணாமலையில் பால் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து காலை வரிசையில் முதலில் நிற்பவள் பச்சையம்மாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு நாட்டு மாடு. அது கறக்கும் ஒரு படியை ஊற்ற அவ்வளவு அவசரம் தேவையில்லை. ஆனால் கடைசியில் வருகிறவர்களின் பாலைத்தான் “தண்ணி ஜாஸ்தி” என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை அவள் கவனித்திருந்தாள். எந்த இடத்தில் எப்படி நின்றால் ஏமாறாமல் தப்பலாம் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பணம் புழங்கும் இடங்களையும் அவள் அப்படித்தான் அறிந்து வைத்திருந்தாள். தபாலாபீசில் போட்ட பணம் எங்கும் போகாது. ஆனால் எடுக்கப் போனால், அவ்வளவு தொகை கையில் இல்லை, நாளை வா என்பார்கள். சீட்டுப் பணம் சீக்கிரம் கிடைக்கும்; சீட்டுப் பிடிக்கிறவள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க வேண்டும். டவுனில் அடகுக் கடை வைத்திருக்கும் சேட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுப்பார். பொருளைத் திருப்பப் போகும்போதுதான் வட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். சங்கத்தில் ஊற்றிய பாலுக்கு வாரம் தவறாமல் பட்டுவாடா உண்டு. அவளுக்குத் தெரியாத இடம் பாங்கி ஒன்றுதான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அதற்குள்ளும் போக வேண்டி வந்தது. கறவை மாடு வாங்க அரசாங்கம் மானியம் தருகிறது, மிச்சத்தை பாங்கி கடனாகக் கொடுக்கும் என்று சங்கத்துச் செயலாளர் தன்யகுமார் சொன்னார். அவர் சமண நயினார் குடும்பத்தவர். கணக்கில் சுத்தம், வார்த்தையில் மெத்தனம். பச்சையம்மாளின் கணவன் சகாதேவனுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் கூலி வேலை, மற்ற நாளில் கல் உடைக்கும் வேலை. இருந்த அரைக் காணி மேட்டு நிலம் மழையை நம்பிக் கிடந்தது. கலப்பின மாடு ஒன்று வந்தால் கூலிக்குப் போகாமல் இருக்கலாம் என்று பச்சையம்மாள் கணக்குப் போட்டாள்.

பாங்கியில் முதலில் சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். அதற்கு ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், இவளைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் பொறந்து வளந்தது இங்கதான். என்ன எனக்குத் தெரியும்னு நானே சொன்னா போதாதா?” என்றாள்.

“போதாதும்மா,” என்றார் கிளார்க்.

தன்யகுமார் கையெழுத்துப் போட்டார். பச்சையம்மாள் கட்டைவிரலை வைத்தாள். விரலில் ஒட்டிய மையைத் துடைக்க ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் துடைத்திருந்த தூணிலேயே அவளும் துடைத்தாள். வெளியே வரும்போது கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் அவள் போட்ட ஐந்து ரூபாய். இன்னொன்றில் அவள் வாங்கப்போகும் கடன். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் கடன் புத்தகத்தின் மூலையில் மஞ்சள் தடவி வைத்துக்கொண்டாள்.

தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் மாடு பிடித்தார்கள். பணம் அவள் கைக்கு வரவே இல்லை. பாங்கியின் கள அலுவலர் ராமகிருஷ்ணன் விற்றவரிடமே பணத்துக்கான சீட்டைக் கொடுத்துவிட்டார். கால்நடை டாக்டர் மாட்டைப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் மாட்டின் காதில் துளை போட்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை மாட்டினார். மாடு துள்ளியது.

“இன்னா சார், மாட்டுக்குக் கம்மலா?”

“இன்சூரன்ஸ்மா,” என்றார் ராமகிருஷ்ணன். “மாடு செத்துட்டா கம்பெனி பணம் குடுக்கும்.”

“வாங்கற அன்னிக்கே சாவப் பேசறீங்களே!”

“பேசல, எழுதி வெக்கறோம். இந்த வில்லைய பத்திரமா பாத்துக்க. காதுலேர்ந்து உழுந்துட்டா ஒடனே வந்து சொல்லு.”

அந்த இன்சூரன்ஸுக்கு ஒரு தொகை பிடித்தார்கள். வாரா வாரம் பால் பணத்தில் பாதியைச் சங்கம் நேரே பாங்கிக்கு அனுப்பியது. பச்சையம்மாளுக்கு இதில் குறை இல்லை. நாட்டு மாடு வற்றிப்போயிருந்தது; புது மாடு இரண்டு வேளையும் நன்றாகக் கறந்தது. கறக்க உட்காரும் முன் தினமும் அதன் காதைத் திருப்பி, வில்லை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பாங்கிக்காரர் சொன்ன பேச்சில் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஆடியில் ஒரு மழை பெய்து, காய்ந்து கிடந்த சோளம் திரும்பத் துளிர்விட்டது. மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில், மாட்டுக்கு விஷமான அந்தத் தளிரை மேய்ந்துவிட்டது. வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்தது. தன்யகுமார் சைக்கிளில் போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் ஊசி போட்டார், வில்லையின் எண்ணைக் குறித்துக்கொண்டார், “இனிமே அண்ணாமலையார் விட்ட வழி” என்று கிளம்பினார். உச்சிப்பொழுதுக்கு முன்பே மாடு செத்துவிட்டது.

தோலுக்கு விலை பேச ஒரு ஆள் வந்தான். பச்சையம்மாள் அவனைத் திட்டி அனுப்பினாள். தங்கள் நிலத்திலேயே குழி வெட்டச் சொன்னாள். மாட்டை மஞ்சள் நீரால் கழுவி, நெற்றியில் குங்குமம் வைத்து, தன் புடவை ஒன்றைப் போர்த்தி, உப்புக் கொட்டிப் புதைத்தாள். ஊரே வந்து நின்றது. ஒருவரும் காதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பாங்கிக்குப் போனாள். இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும் வேறு மாடு வாங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம். ராமகிருஷ்ணன் சான்றிதழைப் படித்துவிட்டு, “வில்லை எங்க?” என்றார்.

“மாட்டு காதுல.”

“மாடு எங்க?”

“மண்ணுல.”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “காதோட வில்லைய அறுத்துக் கொண்டாரணும்மா. அது இல்லனா கம்பெனிக்காரன் பைசா தர மாட்டான்.”

“பத்திரமா பாத்துக்கனுதான சொன்ன? அறுத்துக் கொண்டாந்து குடுன்னு சொன்னியா?”

“அதான் பாலிசியில போட்டுக்குதே.”

“அது இங்கிலீசுல போட்டுக்குது. நான் எங்க கண்டேன்?”

இது பாங்கியின் வேலை இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனியில் போய்க் கேள் என்றார். பச்சையம்மாளுக்கு அப்போதுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது. சந்தையில் இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள், ஒரே சோடாவைப் பகிர்ந்து குடித்தார்கள். ஒரே கடை ஆட்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கம்பெனி ஆபீசில் இருந்த அதிகாரி கோபப்படாமல்தான் பேசினார். “டாக்டர் நம்பர் எழுதிக்கிறார், சரி. ஆனா மாடு செத்துச்சினு எழுதி வாங்கிட்டு, வில்லையோட வேற சந்தையில வித்துடறாங்கம்மா. சில மாடு மூணு வாட்டி செத்துக்குது.”

“என் மாடு ஒரே வாட்டிதான் சார் செத்துச்சி.”

“வில்லை வேணும்மா.”

அவள் திரும்ப பாங்கிக்குப் போனாள். பாங்கியில் சங்கத்துக் கடிதம் கேட்டார்கள். சங்கத்துக் கடிதத்தோடு போனால் பஞ்சாயத்துத் தலைவர் சான்று கேட்டார்கள். அதையும் கொண்டுபோனால் கம்பெனியில், “எல்லாம் சரி, வில்லை?” என்றார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லாத நாட்களில் நடந்து போனாள். இதற்கிடையில் ராமகிருஷ்ணன் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று, “தவணை நின்னுடுச்சேம்மா,” என்றார்.

“மாடே நின்னுடுச்சி சார்.”

“மாடு செத்தாலும் வட்டி ஓடுதும்மா.”

அன்று மாலை அவள் தன்யகுமாரிடம் போய் நின்றாள். “நீ அங்கதான நின்ன நயினாரே. உனுக்கு இந்தச் சட்டம் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் வாயத் தெறக்கல?”

அவர் பால் அளக்கும் குவளையைக் கவிழ்த்து வைத்தார். “நீ குங்குமம் வெச்சிக்கினு இருந்த. ஒரு கத்திய எடுத்தாந்து காத அறுன்னு நான் எப்டிம்மா சொல்றது? எறும்ப மிதிக்காத நடக்கணும்னு வளந்தவன்.”

“ரெண்டாயிரம் ரூவா கடன மிதிச்சிட்டியே!”



தோண்டி எடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். சகாதேவன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஊட்டு மனுசிய பொதைச்ச மாரி பொதைச்சிட்டு இப்பத் தோண்டுவியா? நான் கைய வெக்க மாட்டேன்.”

“நீ வெக்காத. கடன் பத்திரத்துல கட்டவெரல் வெச்சது நானு.”

பட்டப்பகலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வரப்பில் பெண்கள் கூடினார்கள். பக்கத்து வீட்டு உண்ணாமலை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “பாவம்மே! பொங்கலுக்கு வெளக்கு ஏத்த வேண்டிய எடம். வேணாம்மே,” என்றாள்.

“அந்தப் பாவத்த ஒரு ஃபாரத்துல எழுதிக் குடு. பாங்கில குடுத்துட்டு வரேன்.”

மழை மண் இறுகியிருந்தது. பாதிக் குழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தன்யகுமார் தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று தானாகவே வந்திருந்தார். கடைசியில் சகாதேவனே குழிக்குள் இறங்கி, அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். தலைப்பக்கம் வந்ததும் அவளே குனிந்து கையால் மண்ணை விலக்கினாள். அறுக்கத் தேவையிருக்கவில்லை. வில்லை, கொஞ்சம் தோலோடு அவள் கைக்கே வந்துவிட்டது.

டால்டா டப்பாவில் உப்பைப் போட்டு அதற்குள் வைத்து மூடினாள். பஸ்ஸில் கண்டக்டர், “இன்னா ஆயா, கருவாடா?” என்றான். அவள் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினாள். கம்பெனி ஆபீசில் டப்பாவைத் திறந்து மேசை மேல் வைத்ததும் கிளார்க் நாற்காலியோடு பின்னால் போனார்.

“ஐயோ, இத இங்க ஏம்மா கொண்டாந்த?”

“நீங்கதான கேட்டீங்க?”

“மூடு, மூடு!”

“மூட மாட்டேன். மொதல்ல நம்பரப் பாரு. நாளைக்கு வந்து நம்பர் தெரிலனு சொல்லுவ.”

அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எண்ணைப் படித்தார். டாக்டர் எழுதியதும் அதுவும் ஒன்றாக இருந்தன. தன்யகுமார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மேலாபீசுக்கு எழுதுகிறோம் என்றார்கள்.

ஊரில் செய்தி வேறு மாதிரி பரவியது. துட்டுக்காக மாட்டைத் தோண்டியவள் என்றார்கள். அவள் மீது பரிதாபப்பட்டவர்கள்கூட, “எப்டியும் மூவாயிரம் வரும்,” என்று பேசிக்கொண்டார்கள். அதன்பின் ஊரில் எந்த வீட்டில் கன்று செத்தாலும் அவள் பெயர் அடிபட்டது.

தை பிறந்தபின் பாங்கியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். வேறு மாட்டுக்கு விலை பேசுவதற்குப் பக்கத்து ஊரில் ஒருவரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். மேனேஜர் கடன் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

“கிளெய்ம் வந்துடுச்சிம்மா. வில்லைய தாமதமா குடுத்ததால பாதித் தொகைதான் அனுப்பியிருக்காங்க.”

“சரி, பாதியக் குடுங்க.”

“அது கடன்ல வரவு வெச்சாச்சி. மாடு பாங்கிக்கு ஈடும்மா. கடன் முடியற வரைக்கும் அந்தப் பணம் பாங்கிக்குத்தான் வரும்.”

“ஏங் கைக்கு?”

“உங்க கைக்கு இல்ல. வட்டியோட பாத்தா இன்னும் நாப்பது ரூபா நீங்கதான் கட்டணும்.”

 அவள் இன்னொரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். “இதுல அஞ்சு ரூவா என்னுது இருக்குது. அத எடுத்துக்க.”

“அது குறைஞ்சபட்ச இருப்பும்மா. எடுத்தா கணக்க மூடணும்.”

“மூடு.”

மிச்சப் பணத்துக்கு அவள் நேராகச் சேட்டு கடைக்குப் போனாள். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். சேட்டு உரைத்துப் பார்த்தார், ஒரு சீட்டு எழுதினார், பணத்தை எண்ணி வைத்தார். பாங்கியில் ஆறு மாதம் ஆகாதது அங்கே அரை மணியில் ஆயிற்று. அதற்காக அவள் சந்தோஷப்படவில்லை. அங்கேயும் வட்டி அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பாங்கிக் காசாளர் பணத்தை வாங்கிக்கொண்டு, “கணக்கு முடிஞ்சிது, போலாம்,” என்றார்.

“முடிஞ்சிதுனு எழுதிக் குடு.”

“நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு வந்தா இன்னொண்ணு கேப்பீங்க.” அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பணம் கொடுக்கும் ஜன்னலை மூடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பியூன் பெருக்கிக்கொண்டு வந்து, காலைத் தூக்கச் சொன்னான். தூக்கினாள், உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் மேனேஜரே டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

ஊருக்குள் நுழையும்போதே உண்ணாமலை பிடித்துக்கொண்டாள். “இன்னாமே, வந்துட்ச்சா? எனுக்கு ஒரு நூறு ரூவா கைமாத்தா குடேன். அறுப்பு முடிஞ்சதும் தந்துடறேன்.”

“ஒண்ணும் வரல. கடன்தான் போச்சி.”

“எங்கிட்டயே மறைக்கிறியே!”

பச்சையம்மாள் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். உண்ணாமலைக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஊதா மையில் வட்டமாகப் பதிந்திருந்த முத்திரையை விரலால் தொட்டாள்.

“இதுல எவ்ளோ போட்டுக்குது?”

“ஒண்ணும் இல்லனு போட்டுக்குது.”

“போடீ!” என்றாள் உண்ணாமலை. “ஒண்ணும் இல்லனு எழுதறதுக்கா இவ்ளோ பெரிய சீலு?”