என் நாத்தனா மயங்கி விழுந்த கதை

ஏ புள்ள, உனக்கு வேற சோலியே இல்லையா? என் பேரனைக் கட்டி இன்னும் முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள தாத்தாவோட அக்கா ஏன் இங்கன வாரதில்லன்னு தோண்டுற. வீட்டு ஊத்தையக் கிண்டுறதுன்னா அம்புட்டு ருசி! சரி, கேட்டுத் தொலை.

காரியாபட்டியில மகன்கூட சண்டை போட்டுட்டு, பெட்டியோட வந்து எறங்குனா. நாலாம் நாளு நான் வச்ச கொழம்பத் தின்னுட்டு ஒரு மணி நேரம் ஆகல, வேர்த்து ஊத்துது, கை வெடவெடங்குது, பொத்துன்னு விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தவும் எந்திரிச்சு உக்காந்தா. சுகர் தரைமட்டத்துக்கு எறங்கிருச்சுன்னாக. அவளுக்குச் சுகர் வியாதியே கிடையாது. மறுவாரமும் இதே கூத்து.

"தம்பி, உன் பொண்டாட்டி வெடி ஆபீசுக் கையோட சமைக்கா. அந்தக் கை விஷம்யா"ன்னு கண்ணக் கசக்குனா.

நான் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவ. வெள்ளிப்பொடி நகக்கண்ண விட்டுப் போகாது, நெசந்தான். ஆனா குளிக்காம அடுப்பத் தொட்டதே இல்ல. எங்க வீட்டுக்காரரு நம்பிட்டாக. "இனி நீ சமைக்க வேணாம், அக்கா பாத்துக்கிடும்"னாக. முப்பது வருசமா இந்தக் கையிச் சோத்தத் தின்னு தொந்தி வச்ச மனுசன்! தெருவுல ஒருத்தியும் என்கிட்ட மோரு வாங்கிக் குடிக்கல. உனக்கு இருக்குடின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அவளே சமைச்ச அன்னைக்கும் விழுந்தா. இந்தத் தடவ ஒரு டாக்டரம்மா, குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துட்டு, பெட்டுல சேத்துட்டாக. ஆஸ்பத்திரிச் சோறு தின்னும் மறுநா சுகர் எறங்குச்சு. ரிசல்ட்டு வந்ததும் எங்களக் கூப்பிட்டாக.

"நம்ம உடம்பே இன்சுலின் சுரந்தா, கூடவே இன்னொரு சாமானும் சேந்து வரும். இவுக ரத்தத்துல இன்சுலின் எக்கச்சக்கமா இருக்கு, கூட வாரதக் காணோம். இது ஊசியில போனது. யாரு போட்டது?"

எங்க வீட்டுக்காரரு இன்சுலின் போடுறவுக. எல்லாரும் என்னையத்தான் பாத்தாக. ஆனா ஒண்ணு கவனிச்சிருந்தேன். அவ மஞ்சப்பைய மடிய விட்டு எறக்கவே இல்ல. ஒரே புடுங்கு, ஒரே உதறு. எங்க வீட்டுக்காரரு காணோம்னு தேடுன இன்சுலின் பேனா ஊசி கட்டில்ல உருளுது!

"நீ போயிட்டா தம்பி வீட்டுல நான் நெலையா இருக்கலாம்னுதான்..."னு அழுதா.

"ரெண்டு மணிக்கொருக்கா எதையாச்சும் ஊட்டுங்க"ன்னாக டாக்டரம்மா. விடுவேனா? நகக்கண்ணு மின்ன மின்ன நானே பெசஞ்சேன். "மதினி, வாயத் தெறங்க, விஷம் வருது!" ஒரு பருக்க மிஞ்ச விடல. எங்க வீட்டுக்காரரு சுவரப் பாத்து நின்னாக. வீட்டுக்கு வந்தும் ஒரு மாசம் இவுகளையே சமைக்க வச்சேன்.

"ஊசி விசயம் வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்"னு கெஞ்சுனாக. சரின்னேன். தெருவுல எல்லாரும் சுத்திக்கிட்டு என்னக்கா ஆச்சுன்னாளுக. ஊசின்னு ஒரு வார்த்த சொல்லல. "கொற என் கையில இல்லையாம், தின்ன வாயிலயாம். இனி யாரு சோறு போட்டாலும் எங்க மதினி மயங்கித்தான் விழுமாம். நாளைக்கு உங்கள்ல யாரு வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பட்டும்?"னேன். அப்பறம் இந்தத் தெருவுல யாரு அவளுக்கு எல போடுவா, அவ எப்படி இங்கன வருவா?