வாளையாரில் வைத்த சுவிட்சு

வாளையார் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்த அந்த எலக்ட்ரீசியனுக்கு ஒரு புருவம் இல்லை. ரேடியேட்டர் ஆவியில் வெந்தது, திரும்ப முளைக்கவில்லையாம். மேடு ஏறினால் வண்டி கொதிக்கிறது என்று போன எனக்கு அதைக் கேட்டதுமே பயம் வந்துவிட்டது. என் வாடகைக் கார் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எஞ்சினோடு சுற்றும் காற்றாடியைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடுவதை மாட்டினார். சூடு ஏறினால் அதைத் தானாக ஓட்டும் சுவிட்சை, டீக்கடைக் கொதிதண்ணீரில் முக்கிச் சோதித்து, ரேடியேட்டரில் பொருத்தினார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். எந்த வண்டிக்கும் அப்படித்தான் நிற்பாராம்.

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியும் காற்றாடி அசையவில்லை. என் கை சாவிக்குப் போனது.

"எஞ்சின் ஜாமாயிருமுங்க. நிறுத்தீரட்டுங்களா?"

"சாவியத் தொடாதீங்க. மழைக்கு முன்னாலயே கொடை புடிக்கற ஆளுங்களா நீங்க?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்றாடி சுழன்றது. முள் இறங்கியது. என் பயம் மட்டும் இறங்கவில்லை.

"கையில போடறதுக்கும் ஒரு சுவிட்சு வெச்சுக் குடுங்க."

ஒயர்த் துண்டோடு காருக்குள் குனிந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் சின்ன விளக்கும் வைத்தார்.

"பயமா இருந்தா இதப் போடுங்க. வெளக்கு எரியும்."

சூரியநெல்லி மலைமேட்டில் ஏறும்போதெல்லாம் அதைப் போட்டேன். வண்டி ஒருமுறையும் கொதிக்கவில்லை. பின்னொரு நாள் வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சுவிட்சின் ஒயர் விளக்கோடு நின்றிருந்தது. காற்றாடிக்குப் போகவே இல்லை.

"காத்தாடிக்கு இழுத்து உட்டரட்டுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.