இரண்டு தாத்தாக்களும் ஒரு தூண்டிலும்

கண்மாயில் தூண்டில் போட எழுத்து மூலம் அனுமதி கேட்ட ஒரே ஆள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நானாகத்தான் இருப்பேன். கண்மாய் மீனுக்குக் குத்தகை உண்டு. குத்தகை எடுத்தவர் சம்மதமில்லாமல் பிடித்தால் அது திருட்டு. நீதிமன்ற அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், எட்டு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருடப் போவது முறையல்ல. குத்தகைக்காரர் என் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தூண்டிலுக்கா சார் இம்புட்டு? ஒரு கொக்கு ஒரு நாள்ல திங்கிறத நீங்க ஒரு வருசம் உக்காந்தாலும் பிடிக்க மாட்டீக. போட்டுக்கங்க, போங்க."

கையெழுத்துப் போட மட்டும் மறுத்துவிட்டார். வாய்மொழி அனுமதி என்று மனதில் பதிந்துகொண்டேன்.

பேத்தியை அழைத்துப் போக வாங்கிய அனுமதி இதைவிடக் கடினம். என் மகனும் அவன் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். மனமொத்து, சட்டப்படி, சத்தமில்லாமல். பிள்ளை தாயிடம் இருக்கும். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் கூட்டிப் போகலாம் என்பது உத்தரவு. சில மாதங்களில் தகப்பன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் இங்கேயே கிடந்தன.

அந்த உத்தரவில் நானும் இருக்கிறேன். மகன் பெயருக்குப் பக்கத்தில், த/பெ என்ற எழுத்துகளுக்குப் பின்னால். அதற்கு மேல் எனக்கு அதில் வேலையில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க உரிமை கேட்டுத் தாத்தா மனுப் போட வழி இருக்கிறது. எந்தச் சட்டம், என்ன தலைப்பு, எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படி வந்த மனுக்களுக்கு என் கையாலேயே எண் போட்டிருக்கிறேன். ஜெயித்த தாத்தாக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் மனுப் போடாமல், மருமகளாக இருந்தவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"கூட்டிட்டுப் போங்க மாமா. ஆனா எங்கப்பா கூட வருவாக. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதோட சரி" என்றாள்.

அவள் இன்னும் மாமா என்கிறாள் என்பதிலேயே நான் நின்றுவிட்டேன். நிபந்தனையை யோசிக்காமல் சரி என்றேன். முழுதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று வேலைக்காலமெல்லாம் ஊருக்குச் சொன்னவன் நான்.

தூண்டில் எனக்கு ஓய்வுக்குப் பிறகு தொற்றிய பழக்கம். மேலதிகாரி இல்லாத தொழில் என்பதால் பிடித்துப்போனது. உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் எட்டிவிடும் தூரத்தில் கண்மாய். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் தென்னை, மேற்கே மலை. மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, சிறு ஈயக்குண்டு, மிதப்பதற்கு மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கீழே முள். இவ்வளவுதான் சாமான். அகப்படுவது ஜிலேபி மீன், கெண்டை. எப்போதாவது புத்தி கெட்ட கெளுத்தி.

முதல் ஞாயிறன்று பேத்தியும் காவலுக்கு வந்தவரும் கம்பத்திலிருந்து எக்ஸெல் மொபெட்டில் வந்து இறங்கினார்கள். மருமகளின் தகப்பனார் கம்பத்தில் வாழை மண்டி வைத்திருப்பவர். ஏலம் விட்டுப் பழகிய குரல். மெதுவாகப் பேசினாலே தார் விலை ஏறும். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் "வாங்க சம்மந்தி" என்று தெருவே திரும்பும்படி கூப்பிடுவார். இப்போது நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர் புளியமரத்தடியில் துண்டை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். என்னிடம் சொல்ல வேண்டியதைப் பேத்தி வழியாகச் சொன்னார்.

"ஆத்தா, வெயிலு ஏறுதுன்னு உங்க தாத்தாட்ட சொல்லு."

"தாத்தா, வெயிலு ஏறுதாம்."

"தொப்பி கொண்டாந்திருக்கேன்னு கம்பம் தாத்தாட்ட சொல்லு."

"கம்பம் தாத்தா, தொப்பி இருக்காம்."

நடுவில் பத்தடி தூரம். பிள்ளை சலிக்காமல் சம்மன் சேர்ப்பித்தாள்.

மண்புழு நெளிவதைப் பார்த்த அன்றோடு அவள் புழுவைத் தடை செய்துவிட்டாள். கோதுமை மாவுதான். அதிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பிசைய வேண்டும், மீனும் பாவம் தினம் சப்பென்று தின்கிறது என்றாள். உருண்டையை முள்ளில் குத்திக்கொடுப்பது என் வேலை. அவள் சாணுக்குக் குறைந்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பதும் அவள் போட்ட விதி. அவளுடைய சாண் சிறியது என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தூண்டிலில் ஒரு வசதி உண்டு. இரண்டு பேரும் தக்கையைத்தான் பார்க்க வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. வீட்டுக் கூடத்தில் வராத கேள்வியெல்லாம் அப்போது வரும்.

"தாத்தா, அப்பா அங்கன தனியாவா சோறாக்கித் திங்கிறாரு?"

"நாலு பேரு சேந்து ஆக்குவாங்களாம்."

"உங்களுக்கு?"

"நானே ஆக்கிக்குவேன்."

தக்கை ஆடவில்லை. அதைப் பார்த்தபடியே, "எங்கம்மா மேல உங்களுக்குக் கோவமா?" என்றாள்.

"இல்ல."

"கம்பம் தாத்தா மேல?"

"இல்ல."

"அவுகளுக்கு உங்க மேல கோவம். நீங்க காய் விட்டிருக்கீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்க."

"எத்தன நாளைக்கு?"

காலவரையற்ற ஒத்திவைப்பு என்பதை எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புளியமரத்தடியில் முதுகு அசைந்தது. கேட்டிருக்கிறார்.

அடுத்தடுத்து வந்த ஞாயிறுகளில் அந்த முதுகு மெல்லத் திரும்பியது. முதலில் பக்கவாட்டில் தெரிந்தார். பிறகு ஆலோசனை வர ஆரம்பித்தது. "ஆத்தா, தக்கைய இங்கன போட்டா என்னத்த கடிக்கும்? அங்கன அல்லிக்கொடி ஓரமாப் போடச் சொல்லு." அங்கே போட்டால் நரம்பு கொடியில் சிக்கும் என்று நான் பதில் அனுப்பினேன். கொடியில் சிக்காமல் போடத் தெரியாதவன் எதற்குக் கம்பைத் தூக்க வேண்டும் என்று மறுபதில் வந்தது. மீன்கள் ஓடியது அவருடைய குரலுக்குத்தான் என்று நான் சொன்னதைப் பேத்தி அனுப்ப மறுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டுப் பையை எடுக்க ஸ்கூட்டர் வரை போயிருந்தேன். திரும்பி வருகையில் கம்பு அவர் கையில் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, அல்லிக்கொடியைக் குறி பார்த்து நின்றார். பேத்தி பின்னால் குனிந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் கம்பைத் தோளுக்குப் பின்னால் ஓங்கி வீசினார். நரம்பு தண்ணீருக்குப் போகவில்லை. பிள்ளை "ஆ" என்றாள்.

முள் அவளுடைய கட்டைவிரலின் அடிச்சதையில் இறங்கியிருந்தது. அவள் அழவில்லை, கையை மட்டும் தூக்கிப் பிடித்து அதையே பார்த்தாள். நான் பையோடு நின்றுவிட்டேன். 'அதோட சரி' என்ற குரல் மட்டும் காதில் இருந்தது.

"யோவ்! என்னய்யா பாத்துட்டு நிக்கிற? கத்திரிக்கோல எடுய்யா!"

பிரிவுக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. நரம்பை வெட்டினேன். எக்ஸெல்லை அவர் ஓட்ட, பிள்ளையை நடுவில் வைத்து, நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். மூன்று பேர் போவது குற்றம். தலைக்கவசம் இல்லாதது இன்னொன்று. அன்றைக்கு நான் பட்டியல் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வயதில் இளைய டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, "கூட வந்தது யாரு?" என்றார்.

"நான்" என்றோம் இருவரும்.

"நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"

"தாத்தா" என்றோம் இருவரும்.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி ஒரு சின்ன எதிர்முள் உண்டு. இழுத்தால் சதையைக் கிழிக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை முன்னால் தள்ளி வெளியே வரவைத்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு உருவி எடுத்தார். ஒரு கையைக் கம்பம் தாத்தா பிடித்துக்கொண்டார், ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். கால் எதற்கு என்று இப்போது தெரியவில்லை.

வெளியே டீக்கடையில் பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தோம். வாழை மண்டிக்காரர் தன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"என்னன்னு சொல்றது அவகிட்ட?" என்றார்.

எனக்கு இது தெரிந்த துறை. நான் வீசினேன் என்றால் என் ஞாயிறு போய்விடும். அவர் வீசினார் என்றால் அவருடைய காவல் போய்விடும். காவல் இல்லாமல் பிள்ளையை அனுப்ப மாட்டாள், ஆகவே என் ஞாயிறு அப்போதும் போகும். ஆக, யாரும் வீசியிருக்கக் கூடாது. இதை விளக்கினேன்.

"அப்பறம் எப்பிடி ஏறுச்சாம்?"

"கீழ கெடந்த முள்ளு. கைய ஊனிட்டா."

"நீங்க எங்க இருந்தீக?"

"பக்கத்துலதான்."

"நான்?"

"நீங்களும் பக்கத்துல."

"ரெண்டு பேரும் பக்கத்துல இருந்துமா முள்ளப் பாக்கல? மண்டியில எடை போடுற பய கூட நம்ப மாட்டான்யா" என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். குறுக்கு விசாரணையில் எத்தனையோ சாட்சிகள் உடைந்ததைப் பார்த்தவன், மூன்றாவது சாட்சியைத் தயார் செய்ய மறந்துபோனேன். மூன்றாவது சாட்சி பன் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பத்தில் வீட்டு வாசலில், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டியபடி பிள்ளை இறங்கினாள்.

"அம்மா, கம்பம் தாத்தா தூண்டில வீசுனாக, என் கையில மாட்டிருச்சு. முள்ளு கீழ கெடந்துச்சுன்னு சொல்லணுமாம். அது பொய்யி. டாக்டரு ஊசி போட்டாக, நான் கொஞ்சமா அழுதேன். தாத்தா நெறைய அழுதாக."

எந்தத் தாத்தா என்று அவள் சொல்லவில்லை. விரலால் காட்டினாள். என்னைத்தான். எனக்குக் கண்ணில் வெயில் பட்டால் நீர் வரும். அதைச் சொல்ல அது நேரமில்லை.

மருமகளாக இருந்தவள் கட்டைப் பிரிக்காமல் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரு வயசையும் கூட்டுனா நூத்தி முப்பது வரும். உக்காந்து யோசிச்சு வச்ச பொய்யா இது?" என்றாள். நாங்கள் இருவரும் செருப்பைப் பார்த்தோம்.

"அப்ப அடுத்த தடவ போவமா?" என்றாள் பிள்ளை.

"ஆமா, போவீங்க. முள்ளு இல்லாம மீன் பிடிக்கத் தெரிஞ்சா உங்க தாத்தாவக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இனிமேல் இல்லை என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அது எனக்கும் புரிந்தது. ஸ்கூட்டர் கண்மாயிலேயே நிற்க, பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் புரிந்துகொண்டேதான் வந்தேன். வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கோபத்தில் சொன்னாலும் உத்தரவு உத்தரவுதான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். எழுதியிருந்தது மறுப்பல்ல, நிபந்தனையோடு கூடிய அனுமதி.

என் முறை ஞாயிறு வந்தது. கம்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே கம்பத்து வாசலில் போய் நின்றேன். முள் இருந்த இடத்தில் தையல் நூலால் ஒரு மாவு உருண்டையைக் கட்டியிருந்தேன்.

அவள் கதவைத் திறந்தாள். "என்ன மாமா இது?"

"முள்ளு இல்ல. பாத்துக்கம்மா."

நரம்பை விரலால் நுனிவரை உருவிப் பார்த்தாள். தக்கை, ஈயக்குண்டு, நூல், மாவு. மாவை அழுத்தி உள்ளே ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தாள். நல்ல பரிசோதனை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாட்டை நான் கவனிக்காததுபோல நின்றேன்.

"இதுல எப்பிடி மாட்டும்?"

"மாட்டாது."

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

"கடிக்கிறது தெரியும்மா. தக்கை ஆடும். அவ அதப் பாத்துக்கிட்டிருப்பா" என்றேன்.

அவள் கம்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே பார்த்து, "செருப்பப் போட்டுட்டுக் கெளம்பு, தாத்தா நிக்கிறாக" என்றாள். பின்னாலிருந்து எக்ஸெல் சாவியோடு அவளுடைய தகப்பனாரும் வந்தார். "முள்ளு இல்லாத தூண்டிலுக்கு எதுக்குய்யா காவலு?" என்று என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கண்மாயில் சாரல் காற்று. தண்ணீர் சின்னச் சின்னதாக மடிந்துகொண்டிருந்தது. மூவரும் கரையில் ஒரே துண்டில் உட்கார்ந்தோம். பிள்ளை நடுவில், கம்பு அவள் கையில். தக்கை ஒரு முறை நடுங்கி, சாய்ந்து, சடாரென்று முழுகியது. "கடிக்குது!" என்று அவள் தூக்கினாள். நூல் மட்டும் வெறுமையாக வந்தது.

"என்ன மீனு தின்னுச்சு?"

"ஜிலேபி. அதுதான் இழுத்துக் கடிக்கும்" என்றார் அவர்.

"கெண்டை" என்றேன் நான். "ஜிலேபி இப்படி முழுக்காது."

"நீங்க பாத்தீகளாக்கும்? தண்ணிக்குள்ள போயி?"

"நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் பிள்ளை, அடுத்த உருண்டையை நூலில் கட்டிக்கொண்டே. "அதுக்கு இன்னும் பசிக்குது."